நான்கு முயல்களும் ஆறு கட்டங்களும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இப்போது நான்கு முயல்கள் ஒரே அடைப்பினுள் இருக்கின்றன. அவற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை காலம் எடுத்தது. அந்நாட்களில் செய்த வேலைகளையும், பிழையாகச் செய்து பிறகு திருத்திக்கொண்ட வேலைகளையும், அன்றன்று ஒரு கொப்பியில் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு இங்கே பதிவுசெய்கிறேன்.

முதலில் முயல்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பஞ்சு என்ற வெள்ளைப் பெண்ணும் கரியன் என்ற கறுப்பு ஆணும் மூன்று ஆண்டுகளாக எங்களிடம் இருப்பவை. மல்லி, குட்டான் என்ற மற்ற இரண்டும் உடன்பிறந்தவை. வவுனியாவுக்கு இடமாற்றம் பெற்றுப் போன நண்பர் ஒருவர் கொண்டுபோக வழியில்லாமல் எங்களிடம் விட்டுச் சென்றவை. மல்லி சாம்பல் நிறப் பெண். குட்டான் உருண்டையான, மண்ணிற ஆண். பனங்கட்டிக் குட்டானைப் போல இருந்ததால் மகள் அந்தப் பெயரை வைத்தாள்.

இரண்டு சோடிகளையும் தனித்தனிக் கூடுகளில் வைத்திருப்பதே எளிது என்று பலர் சொன்னார்கள். ஆனால் எங்கள் வளவில் வெயிற்காலத்திலும் குளிர்ச்சியாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: வேம்பின் நிழலில் நிற்கும் ஓட்டுக்கூரைக் கொட்டில். முயலுக்கு வியர்ப்பதில்லை, உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. காற்றின் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போதே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் 35 பாகை என்பது சாதாரணம். ஆகவே அடுத்த கச்சானுக்கு முன்னர் நான்கையும் அந்தக் கொட்டிலுக்குள் ஒன்றாகக் குடியேற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஒக்டோபரில் ஒரு மாலை, எந்த ஆயத்தமும் இல்லாமல், மல்லியையும் குட்டானையும் தூக்கிப் பஞ்சுவும் கரியனும் இருந்த கூட்டுக்குள் விட்டேன். பக்கத்து வீட்டில் இருக்கும் மனைவியின் சின்னம்மா, "ரெண்டு நாள் அடிபட்டுப்போட்டு ஒண்டாப் படுத்திடுங்கள், விடுங்கோ தம்பி" என்று சொன்னதை நானும் நம்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கரியனும் குட்டானும் வயிற்றோடு வயிறு பொருத்திக்கொண்டு சக்கரம்போலச் சுழன்றன. கூட்டுக்குள் மயிர் பஞ்சாகப் பறந்தது. நான் செய்த அடுத்த முட்டாள்தனம் வெறுங்கையை உள்ளே விட்டது. சுட்டுவிரலின் அடியில் இரண்டு பற்கள் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. குட்டானின் காது நுனி கிழிந்தது. அதைவிட மோசமான காயம் மறுநாள் காலையில்தான் தெரியவந்தது: பின்தொடைக்கு மேலே, மயிருக்குள் மறைந்து, ஓர் அங்குல நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. முயலின் தோல் மிகவும் மெல்லியது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சண்டை நடந்தால் அன்றே விரலால் மயிரை எதிர்ப்பக்கமாக நீவி உடல் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் காயத்திலிருந்துதான் கற்றேன். நம்மூர்ச் சூட்டில் திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மிருக வைத்தியர் காயத்தைக் கழுவி மருந்திட்டுவிட்டு, இரண்டு வாரங்களுக்கு நுளம்புவலைக்குள் வைத்திருக்கும்படி சொன்னார்.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் மாமா ஒருவர் இதைக் கேள்விப்பட்டதும், முயல் என்றாலே தனியாக வாழும் பிராணி, அதைக் கூட்டமாக வைக்க நினைப்பதே பிழை என்றார். அவர் கண்டதைத்தான் சொன்னார். வயல் வரம்புகளில் அவர் காணும் காட்டு முயல் புல்லுக்குள் தனியே படுத்திருக்கும், வளை தோண்டாது, அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். ஆனால் வீட்டில் வளர்ப்பது வேறொரு பேரினம். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்த, மண்ணுக்கடியில் வளை தோண்டிக் குடும்பமாக வாழ்ந்த முயலின் வழித்தோன்றல் அது. அதன் குட்டி மயிரில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒன்றின் குணத்தை மற்றதன்மேல் ஏற்றிவிடுகிறோம். வளர்ப்பு முயலுக்குத் துணை வேண்டும். ஆனால் தன் எல்லைக்குள் அறிமுகமில்லாமல் நுழையும் முயல் அதற்குத் துணையல்ல, பகை. நான் செய்தது ஒருவர் வீட்டுக் குசினிக்குள் இரவில் அந்நியர் இருவரைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியதற்கு ஒப்பானது.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் கொப்பி வாங்கினேன். நான்கு முயல்கள் என்றால் இணைக்க வேண்டியவை நான்கல்ல, ஆறு: பஞ்சு–கரியன், மல்லி–குட்டான், பஞ்சு–மல்லி, பஞ்சு–குட்டான், கரியன்–மல்லி, கரியன்–குட்டான். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டங்கள் கீறி, ஒவ்வொரு சோடிக்குள்ளும் அன்று நடந்ததை அதற்குரிய கட்டத்தில் எழுதினேன். மேலிருந்து இரண்டு கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியவை, மிச்சம் நான்குதான் வேலை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கும் பிழைத்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இணைப்பு வேலைக்கு முன்னர் செய்தேயாக வேண்டியது சத்திரசிகிச்சை. ஆண்கள் இரண்டுக்கும் ஒக்டோபர் கடைசியில், குட்டானின் காயம் ஆறியபின், நகரிலேயே விதைநீக்கம் செய்வித்தேன். விதை நீக்கிய அன்றே ஆண் முயல் மலடாகிவிடுவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. நாளங்களில் தங்கியிருக்கும் விந்தினால் ஆறு வாரங்கள்வரைகூடப் பெண்ணைச் சினைப்படுத்த முடியும். சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள் மட்டுமே. ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படக்கூடிய பிராணி இது. அவசரப்பட்டால் நான்கு முயல்களின் பிரச்சினை பன்னிரண்டு முயல்களின் பிரச்சினையாகும். அதோடு, பழைய சுரப்புகளின் வேகம் தணியவும் அந்த ஆறு வாரங்கள் தேவை.

பெண்களுக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் அகற்ற வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பழகிய கை வேண்டும் என்பதால் நவம்பரில் பேராதனையில் உள்ள மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வெயிலுக்கு முன் பாதித் தூரமாவது கடந்துவிட வேண்டும் என்று அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போனோம். வயது ஏறிய பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால், சண்டையை நிறுத்தும் நோக்கம் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சை செய்யத்தக்கதே. நாய்க்கும் பூனைக்கும் செய்வதைப் போல முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போடக்கூடாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது, அதன் குடல் ஓய்ந்துபோனால் அதுவே உயிருக்கு ஆபத்து. பைநிறைய அறுகம்புல்லும் மல்லி இலையும் கொண்டுபோயிருந்தோம். சிகிச்சைக்குப் பின் பஞ்சு அன்று மாலையே கொறிக்கத் தொடங்கியது. மல்லி மறுநாள் காலைவரை வாய் வைக்கவில்லை. அந்த இரவு முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது முயலையல்ல, அதன் புழுக்கை விழுகிறதா என்பதைத்தான்.

திரும்பி வந்ததும் முதல் கட்டம் கவிழ்ந்தது. மூன்று ஆண்டுகளாக ஒன்றையொன்று நக்கிக்கொண்டு கிடந்த பஞ்சுவும் கரியனும், பஞ்சு மருந்து மணத்தோடு வீடு வந்த நாளில் அந்நியராகிவிட்டன. கரியன் முகர்ந்து பார்த்து, வாலை உயர்த்தி, பஞ்சுவின் முதுகில் ஒரு கொத்து மயிரைப் பிடுங்கியது. முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் நடப்பதும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னே இருப்பது மட்டும் தெரியாது. ஆக, நெருங்கி வந்தவர் யார் என்பதைச் சொல்வது மூக்குத்தான். மணம் மாறினால் ஆளும் மாறிவிடுகிறது. வைத்தியரிடம் ஒன்றைக் கொண்டுபோகும்போது அதன் துணையையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்ற விதியின் காரணம் அன்று புரிந்தது. கொப்பியில் நிரம்பியதாகக் கணக்கிட்டிருந்த இரண்டு கட்டங்களையும் அழித்தேன்.

இனிச் செய்முறை. இரண்டு சோடிகளுக்கும் அருகருகே இரண்டு அடைப்புகள் அமைத்தேன். இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பையில் மூன்றடி உயரச் சட்டங்கள் அடித்து, ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை இழுத்து ஆணியிட்டு, பிணைச்சல் வைத்துக் கதவு போட்டேன். நடுவே முதலில் ஒரே ஒரு வலைதான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் மல்லியின் முன்னங்கால் விரலில் இரத்தம். வலையைப் பற்றி எழுந்து நின்றபோது மறுபக்கத்திலிருந்து பஞ்சு கடித்திருக்கிறது. அன்றே இரண்டாவது வலையொன்றை நான்கு அங்குல இடைவெளி விட்டு அடித்தேன். மணம் போகும், பார்வை போகும், பல் போகாது. இதைச் செய்பவர்கள் முதலிலேயே இரட்டை வலையாகப் போடுவது நல்லது. எனக்கு ஆன மேலதிகச் செலவு எட்டடி வலையும் அரைநாளும் மட்டுமே.

டிசம்பர் முழுவதும் வாடைக்காற்றும் மழையும். முயல்களுக்கு அது நல்ல காலம், எனக்குச் சேறு. அந்த மாதத்தில் செய்த வேலை மிகச் சிறியது, ஆனால் ஒருநாளும் விடாமல் செய்தேன். மூத்திரத் தட்டுகளை ஒன்றுவிட்டொரு நாள் இடம் மாற்றினேன். இரண்டாம் வாரத்திலிருந்து முயல்களையே அடைப்பு மாற்றினேன்: பஞ்சுவும் கரியனும் மற்ற இரண்டின் மணத்துக்குள் தூங்கும், அவை இவற்றின் மணத்துக்குள் தூங்கும். முதல் நாட்களில் ஒவ்வொன்றும் தாடையை வலையிலும் கற்களிலும் தேய்த்து அடையாளம் வைத்தது; வலையோரமாகப் புழுக்கையால் எல்லைக் கோடே போட்டுவிட்டன. புல்லையும் கங்குன் கீரையையும் வலையோரத்திலேயே போட்டேன். டிசம்பர் முடியும்போது கோட்டின் புழுக்கை குறைந்தது. ஒரு பிற்பகலில் மல்லி வலையோரமாகக் கால் நீட்டிப் படுத்திருக்க, எட்டு அங்குலத்துக்கு அப்பால் கரியனும் அப்படியே படுத்திருந்தது. அடுத்த நிலைக்குப் போகலாம் என்பதற்கு வேறு அறிகுறி தேவையில்லை என்று அன்று எழுதினேன்.

சந்திப்புக்கான இடம் எந்த முயலுக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். குளியலறையை முயன்றேன். வழுவழுப்பான தரையில் கால்கள் விலகி வழுக்க, பயத்தில் இரண்டும் மூலைக்கொன்றாக ஒட்டிக்கொண்டன. அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சின்னம்மா வீட்டின் புதிய அறை ஒன்று பூசி முடித்த சீமெந்துத் தரையோடு வெறுமையாகக் கிடந்தது. வினாகிரி கலந்த நீரால் கழுவி, உலர்ந்ததும் சாக்குகளை விரித்து, சட்டங்களால் ஆறடிக்கு நாலடி இடத்தை வளைத்துக்கொண்டேன். தம் பேச்சைக் கேட்டு நடந்த முதற் சண்டைக்குப் பரிகாரமாக அறையைத் தருவதாகச் சின்னம்மா சொன்னார். கையில் வைத்திருந்தவை தோல் கையுறை, தடித்த துவாய், தும்புத்தடி, கொப்பி, கைக்கடிகாரம். இவற்றுள் மிகவும் பயன்பட்டது தும்புத்தடி. இரண்டுக்கும் நடுவே அதன் தலையை இறக்கினால் போதும். முயல்கள் தும்பைப் பார்த்துத் திகைத்து விலகும், கையும் தப்பும்.

ஜனவரி முதல் வாரத்தில் சோடி சோடியாகத் தொடங்கினேன். பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு நாற்பது. பஞ்சு–கரியன் நான்கே நாளில் பழைய நிலைக்குத் திரும்பின. கரியன்–மல்லியும் நன்றாகப் போனது. ஆண்கள் இரண்டும்தான் தீராத பகை என்று எண்ணியிருந்தேன். விதைநீக்கத்துக்குப் பிறகு அவை ஒன்றையொன்று ஒரு மேசையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போயின. எதிர்பாராத இடத்திலிருந்து தொல்லை வந்தது. பஞ்சு–மல்லி கட்டத்தில் ஐந்து நாட்களும் ஒரே குறிப்பு: "காது பின்னே, வால் மேலே, 3 நிமிடம், நிறுத்தினேன்."

தைப்பொங்கல் அன்று காலையில் நான் அவை இரண்டையும் அறையில் விட்டிருந்த நேரத்தில் தெருவில் வெடிகொளுத்தத் தொடங்கினார்கள். பஞ்சு பின்னங்காலால் தரையில் அடித்தது. அடுத்த வெடிக்கு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, மூலையில், காதுகளை முதுகோடு படிய வைத்துக்கொண்டு உறைந்துபோயின. மகள் மகிழ்ச்சியோடு, "அப்பா, ரெண்டும் கட்டிப்பிடிச்சிட்டுதுகள்" என்றாள். நானும் கட்டத்தில் அப்படியே எழுதினேன். மாலையில் அதை அடித்துவிட்டேன். முயல்களைப் பெட்டியில் போட்டு வாகனத்தில் குலுக்கியும், சத்தமெழுப்பிப் பயமுறுத்தியும் நெருங்கவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பயந்த முயல் அருகில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். என் செருப்பு இருந்திருந்தால் அதனோடும் ஒட்டியிருக்கும். பயம் தெளிந்த பத்தாவது நிமிடத்தில் பஞ்சு மறுபடி வாலைத் தூக்கியதை என் கண்ணாலேயே கண்டேன்.

சோடி முறையின் உண்மையான குறை அதற்கடுத்த வாரம் வெளிப்பட்டது. பஞ்சுவோடு அரைமணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிய மல்லியைக் குட்டான் முகர்ந்துவிட்டு விரட்டத் தொடங்கியது; கரியனோடு இருந்துவிட்டு வந்த குட்டானை மல்லி அண்ட விடவில்லை. நான் ஒரு கட்டத்தை நிரப்ப நிரப்ப இன்னொன்று வெறுமையாகிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஆறு உறவுகளையும் தனித்தனியாகக் கட்டிப் பின்னர் சேர்த்துவிடலாம் என்ற என் எண்ணமே பிழை என்பது தெளிவாயிற்று. நான்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மணத்துக்குள் இருந்தால்தான் எவருக்கும் "வெளியே போய்விட்டு வந்தவர்" என்ற நிலை வராது. சோடிச் சந்திப்புகளை அன்றோடு நிறுத்தினேன்.

பெப்ரவரி முதலாம் வாரத்திலிருந்து நான்கையும் ஒன்றாக விட்டேன். இடத்தை எட்டடிக்கு ஆறடியாக்கினேன். நடுவே கீரையும் புல்லும் பரந்து கிடந்தன. தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, தட்டு மூன்று. மட்டைப் பெட்டிகளை வைத்தபோது ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு வாசல்கள் வெட்டினேன். ஒரே வாசலுள்ள பெட்டி முயலுக்கு ஒளிவிடமல்ல, பொறி. உள்ளே போனதை வாசலில் மற்றது மறித்துக்கொண்டால் அங்கேதான் இரத்தம் வரும்.

எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதில்தான் இந்த வேலையின் முழுப் பாரமும் இருக்கிறது. துரத்துவதை விட்டேன், ஓடும் முயல் நின்றதும் துரத்துவதும் நின்றால். மேலே ஏறுவதை விட்டேன். அது காமமல்ல, யார் மேலே என்ற பேச்சு. பத்து எண்ணுவதற்குள் இறங்காவிட்டால் மெல்லத் தள்ளினேன். தலைப்பக்கமாகத் திரும்பி ஏறினால் ஒரு கணமும் விடவில்லை. கீழே இருப்பது கடித்தால் அந்தக் கடி பிறப்புறுப்பில் விழும். சிறு மயிர்க்கொத்துகள் பறப்பதை விட்டேன். காது பின்னே படிந்து, வால் நிமிர்ந்து, உடல் வில்போல இறுகியதும் தும்புத்தடி இறங்கிவிடும். வட்டமாக ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சுற்றத் தொடங்கினால் அடுத்தது சக்கரச் சண்டைதான். அதை நடக்கவிட்டால் மூன்று வார வேலை போய்விடும், ஏனென்றால் முயல் வஞ்சத்தை எளிதில் மறப்பதில்லை. தொடக்கத்தில் நான் எல்லாவற்றுக்கும் தடியை நீட்டினேன். இரண்டாம் நாள் என் மனைவி, "நீங்கள் அதுகளைக் கதைச்சு முடிக்கவே விடுறியள் இல்லை" என்றார். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு எண்ணப் பழகினேன்.

ஏழாம் நாள் நடந்ததை விரிவாக எழுதிவைத்திருக்கிறேன். பஞ்சு நடந்து வந்து மல்லியின் முன்னே நின்று, தலையைத் தரையோடு தாழ்த்தி, தாடையை மல்லியின் மூக்கின் கீழ் நுழைத்தது. தலை தாழ்த்துவது பணிவென்று நமக்குத் தோன்றும். முயலிடம் அது கட்டளை, "என்னை நக்கு" என்பது. மல்லியும் தலையைத் தாழ்த்தியது. இரண்டு நெற்றிகளும் முட்டியபடி, இரண்டு மூக்குகளும் சாக்கைத் தொட்டபடி, எவரும் நக்காமல், எவரும் விலகாமல், கடிகாரத்தின்படி நான்கு நிமிடங்கள் நின்றன. பஞ்சுவின் காதுகள் பாதி பின்னே போய், திரும்பி வந்தன. நான் தடியைப் பிடித்த கை வியர்த்தது. பிறகு மல்லி மெல்லத் தலையை உயர்த்தி, பஞ்சுவின் இடது கண்ணின் மேலிமையை இரண்டு தடவை நக்கியது. இரண்டே தடவைதான். பஞ்சு பல்லைத் தேய்க்கும் மெல்லிய ஒலி கேட்டது. வலியில் வரும் உரத்த நறநறப்பு அல்ல, வேர்க்கடலையை மூடிய வாய்க்குள் மெல்லுவது போன்ற ஒலி. குட்டான் குறுக்கே வந்து இருவருக்கும் நடுவிலிருந்த மல்லி இலையைத் தின்றுவிட்டுப் போனது.

அதற்கடுத்த சனியும் ஞாயிறும் நான்கையும் பிரிக்காமல் 48 மணி நேரம் வைத்திருப்பது என்று தீர்மானித்து, நானும் அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். நுளம்புத்திரி கொளுத்த முடியாது, அந்தப் புகை முயலின் மூச்சுக்கு ஆகாது. ஆகவே எனக்கு நுளம்புவலை. இரவு இரண்டு மணியளவில் காலடி ஓசை கேட்டு எழுந்தேன். பஞ்சுவும் மல்லியும் சுற்றத் தொடங்கியிருந்தன. தடியை இறக்கினேன், பிரிந்தன, மின்விளக்கைப் போட்டு நான்கின் உடலையும் தடவிப் பார்த்தேன், காயமில்லை. ஆனால் வெளியே எடுக்கவில்லை. அங்கேயே எடுத்திருந்தால், சண்டை போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பதை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்ததாகியிருக்கும். ஞாயிறு விடியும்போது நான்கும் நெருங்கிக் கிடந்தன: கரியன் சுவரோரம், அதன்மேல் சாய்ந்து பஞ்சு, பஞ்சுவின் பின்புறத்தில் தலை வைத்து மல்லி, சற்றுத் தள்ளிக் குட்டான். மாசிக் காலைக் குளிருக்கு அது பொருத்தமான படுக்கை.

கொட்டிலுக்கு மாற்றும் வேலையில் ஒரு விடயம் மட்டுமே சொல்லத்தக்கது. கொட்டில் முன்பு பஞ்சுவும் கரியனும் அடிக்கடி உலாவிய இடம். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு, தரையை வினாகிரி நீரால் இரண்டு தடவை கழுவி, பழைய தட்டுகளை எறிந்துவிட்டு, சின்னம்மா வீட்டு அறையில் விரித்திருந்த அதே சாக்குகளைக் கழுவாமல் கொண்டுவந்து விரித்தேன். நான்கின் மணமும் கலந்திருந்தது அவற்றில்தான். அப்படியும் முழுக் கொட்டிலையும் திறந்துவிடவில்லை. எட்டடிக்கு ஆறடி என்ற பழகிய அளவிலேயே சட்டங்களை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டடி வீதம் விரித்தேன். மூன்றாவது விரிப்பில் பஞ்சு பழைய மூலையைக் கண்டுபிடித்து அங்கே புழுக்கை எல்லை போடத் தொடங்கியது. இரண்டடியைத் திரும்பச் சுருக்கி, ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். மார்ச் நடுப்பகுதியில் கொட்டில் முழுவதும் திறந்தது.

இனி, வெப்பமான ஊரில் இதைச் செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. முயல்கள் இணைந்ததற்கு அறிகுறி ஒட்டிப் படுப்பது என்று குளிர்நாடுகளில் எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பெப்ரவரியில் நானும் அதைத்தான் பார்த்தேன். ஏப்ரலில் அவை ஒவ்வொன்றும் மூன்றடிக்கு அப்பால், வயிற்றைச் சீமெந்தில் பரப்பி, தனித்தனியே கிடந்தன. நட்பு முறிந்துவிட்டதென்று இரண்டு நாட்கள் கவலைப்பட்டேன். வெயிலில் எந்தப் பிராணியும் இன்னொன்றின் உடற்சூட்டைத் தேடிப் போகாது. இப்போது நான் பார்ப்பவை வேறு. இரையிடும்போது நான்கு வாயும் ஒரே கட்டுப் புல்லில் இறங்குகின்றனவா? ஒன்று கடந்து போகும்போது படுத்திருப்பது காதைத் திருப்பாமல் கிடக்கிறதா? கொட்டிலின் நடுவே நீர் நிரப்பிய மண்முட்டி இரண்டு வைத்திருக்கிறேன். அவற்றின் கசிவால் குளிர்ந்த தரையில் யாருக்கு இடம் என்பதில் தகராறு இல்லையா? இவைதான் நம்மூர் அறிகுறிகள். மிகவும் வெயிலான நாட்களில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்துத் துணி சுற்றி நான்கு வைப்பேன். மூன்று வைத்த அன்று மல்லிக்கும் பஞ்சுவுக்கும் சிறு உரசல் நடந்தது.

ஆறு கட்டங்களும் ஒரே மாதிரி நிரம்பவில்லை. பஞ்சுவும் கரியனும் முன்புபோலவே. கரியன்–மல்லி, எதிர்பார்த்ததைவிட நெருக்கம். பஞ்சு–மல்லி, மல்லி நக்கும், பஞ்சு வாங்கிக்கொள்ளும். எப்போதாவதுதான் திருப்பிக் கொடுக்கும். கரியன்–குட்டான் கட்டத்தில் ஏப்ரலிலிருந்து எழுத எதுவுமில்லை; அவை ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாழ்கின்றன, அதை நட்பாக்க நான் முயலவுமில்லை.

ஜூனில் குட்டானின் நகம் ஒன்று வலையில் சிக்கி அடியோடு கழன்றது. இரத்தம் நிற்கச் சோளமாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வைத்தியரிடம் போக ஒட்டோவை அழைத்தேன். காயம்பட்டது ஒன்றுதான்; ஆனால் சாக்கு விரித்த ஒரே பெரிய பெட்டியில் நான்கையும் ஏற்றினேன். சாரதி திரும்பிப் பார்த்து, "எல்லாத்துக்கும் வருத்தமோ அண்ணை?" என்று கேட்டார். வைத்தியர் குட்டானை மேசையில் வைத்து மருந்து போட்டார். பிறகு அந்த மருந்துப் பஞ்சாலேயே மற்ற மூன்றின் முதுகிலும் ஒவ்வொரு தடவு தடவும்படி கேட்டேன், ஏன் என்று கேளாமல் தடவினார். வீடு வந்து பெட்டியைக் கொட்டிலில் சரித்தபோது நான்கும் ஒரே மணத்தோடு இறங்கி, நேரே புல்லுக்குப் போயின.